பேசும் பலகையும் பேசாத பிள்ளையும்

புதிய ஊரில் குடியேறும் குடும்பம் முதலில் தேடுவது வாடகை வீடு; அடுத்துத் தேடுவது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். மும்பை, தில்லி, கொல்கத்தா, அகமதாபாத் என்று பல திசைகளிலும் பரவி வாழும் நம்மவர் யாவரும் இந்தத் தேடலை நன்கு அறிந்தவர்களே. இந்நாளில் சேர்க்கைக் காலத்தில் பல பள்ளிகளுக்குள் நுழைந்தால், விளையாட்டுத் திடலையும் நூல்நிலையத்தையும் காட்டுவதற்கு முன்பாகவே நமக்குப் பெருமையுடன் காட்டப்படுவது ஒரு பலகை. ஸ்மார்ட் போர்டு என்று யாவரும் வழங்கும் தொடுதிரைப் பலகை அது. விரலால் தொட்டால் எழுதுகிறது, விரலை நகர்த்தினால் படம் நகர்கிறது, கேள்வி கேட்கிறது, விடை சரியானால் கைதட்டுகிறது. பெற்றோர் வியக்கின்றனர், கட்டணத்தைச் செலுத்திவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர்.

அப்பலகை வேண்டுமா வேண்டாமா என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. அது வந்துவிட்டது, இனித் திரும்பிப் போகப் போவதில்லை. ஆனால், அதன் முன்னே நிற்கும் ஆசிரியர் அதைக் கையாள எவ்வாறு கற்றுக்கொள்கிறார் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆசிரியப் பயிற்சித் துறையில் நெடுங்காலம் பணிபுரிந்த நாம், மும்பையில் ஒரு பயிற்சி ஆசிரியையின் வகுப்புகளைப் பல வாரங்கள் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க நேர்ந்தது. அங்கே அவர் கற்றதும், அவர் வாயிலாக நாம் கற்றதும் இன்றைய பேச்சின் பொருள்.

அந்த அம்மையாரின் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர். தந்தையார் ஓட்டுநர். குடும்பத்தில் முதன்முதலாக பி.எட். வகுப்பில் சேர்ந்தவர் இவரே. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி பி.எட். படிப்பு இரண்டு ஆண்டுகளாக நீட்டப்பட்டது. அதில் 20 வாரங்கள் பள்ளியிலேயே இருந்து பயில வேண்டும் என்றும் ஏற்பட்டது. அவ்வகையில் இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பயிற்சிக்காகத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்பு அவர் பொறுப்பில் வந்தது. மாணாக்கர் 34 பேர். கணக்குப் பாடம். வகுப்பறையின் முன்சுவரில், கரும்பலகையின் பாதியை மறைத்துக்கொண்டு, ஒரு தொடுதிரைப் பலகை.

முதல் வாரம் முழுவதும் பலகைக்கும் அம்மையாருக்கும் இடையே போர் நடந்தது என்றே சொல்ல வேண்டும். அவர் எழுதாத இடத்தில் கோடு விழுந்தது. அழிக்காத எழுத்து அழிந்தது. பிள்ளைகள் சிரித்தனர். காரணம் என்னவென்று பார்த்தால், அது மிக எளியது. இவ்வகைப் பலகைகள் பலவற்றின் விளிம்புச் சட்டத்தில், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. விரல் அக்கதிர்களை மறைக்கும் இடத்தைக் கருவி கணக்கிட்டு அறிந்து, அங்கே கோடு போடுகிறது. கதிரை மறைத்தது விரலா, வளையலா, சேலைத் தலைப்பா என்பது அதற்குத் தெரியாது. அம்மையாரின் தலைப்பு பலகையில் உரசும்போதெல்லாம் அது பணிவுடன் ஒரு கோடு கிழித்து வைத்தது. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டதும் பாதித் தொல்லை தீர்ந்தது.

மற்றொரு பாதி எழுத்துருவால் வந்தது. வீட்டுக் கணிப்பொறியில் பழைய எழுத்துரு ஒன்றில் இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்த பாடம், பள்ளிக் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. யூனிகோடு என்னும் பொது முறைக்குள் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம் பெற்றுவிட்டது. அம்முறையில் எழுதினால் எந்த ஊர்க் கணிப்பொறியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். வெளி மாநிலத்தில் தமிழ் கற்பிப்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய சிறு செய்தி இது. அம்மையார் அதை ஒரு காலைப்பொழுதின் அவமானத்தால் அறிந்துகொண்டார். மூன்றாம் வாரம் முடிவதற்குள் பலகை அவருக்கு அடங்கிவிட்டது.

நான்காம் வாரத்தில், பின்னங்களைப் பற்றிய பாடத்தைப் பார்க்க வருமாறு நம்மை அழைத்தார். சென்று அமர்ந்தோம். பலகையில் வண்ணப் பழங்கள் தோன்றின, தொட்டதும் துண்டுகளாயின. தொகுதி நீல நிறத்திலும் பகுதி சிவப்பு நிறத்திலும் மிதந்து வந்தன. இடையிடையே ஒரு பிள்ளை எழுந்து சென்று சரியான துண்டை இழுத்துப் பொருத்த, பலகை கைதட்டிற்று. வகுப்பும் உடன் தட்டிற்று. நாற்பது நிமிடங்கள் போனது தெரியவில்லை. நாமும் மயங்கினோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாடத்தைப் பார்ப்பவர் எழுத வேண்டிய குறிப்பேட்டில், 'மிகச் சிறந்த பாடம். மாணாக்கர் பங்கேற்பு நிறைவு' என்று எழுதினோம்.

மணி அடித்துப் பிள்ளைகள் உணவுக்குக் கலையும் நேரத்தில், கடைசி வரிசையில் நம் அருகில் அமர்ந்திருந்த சிறுமியிடம் சும்மா ஒரு கேள்வி கேட்டோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பெற்றோருடன் மும்பை வந்தவள் அவள். வகுப்பில் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. "மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா, அம்மா?" என்று கேட்டோம். நெடுநேரம் தயங்கிவிட்டு, "நான்கில் ஒன்று" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "நாலு பெரிசுதானே" என்றாள். அங்கே நின்ற வேறு ஆறு பிள்ளைகளையும் கேட்டோம். ஐவர் அதே விடையைச் சொன்னார்கள். அவர்களுள் ஒருவன், பலகையில் துண்டைச் சரியாகப் பொருத்திக் கைதட்டு வாங்கியவன்.

அம்மையாரின் முகம் வாடிற்று. "ஐயா, எல்லாரும் சரியாகத்தானே செய்தார்கள்?" என்றார். எல்லாரும் செய்யவில்லை, 34 பேரில் நால்வர் பலகையைத் தொட்டனர், மற்ற முப்பதின்மர் பார்த்தனர். அந்நால்வரும் வண்ணத்தையும் வடிவத்தையும் பார்த்துப் பொருத்தினார்களேயன்றி அளவை எண்ணிப் பொருத்தவில்லை. நாம் எழுதிய குறிப்பை நாமே அடித்துத் திருத்தினோம். அதைவிடக் கடினமான செயல் ஒன்றை அம்மையார் செய்தார். மறுநாளே அப்பாடத்தை முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தார்.

நிற்க. இம்மயக்கம் அம்மையாருக்கும் நமக்கும் மட்டும் உரியதன்று. 1913-ஆம் ஆண்டில் எடிசன், திரைப்படம் வந்துவிட்டபடியால் பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழியும் என்று எதிர்பார்த்தார். புத்தகம் ஒழியவில்லை. பின்னர் வானொலி வந்தது. 1930-களிலேயே நம் நாட்டில் பள்ளி ஒலிபரப்பு தொடங்கியது. 1961-இல் தில்லிப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் வந்தன. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. 1984-இல் பள்ளிகளுக்குக் கணிப்பொறித் திட்டம். 2004-இல் கல்விக்கென்றே விண்ணில் ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள். 2017-இல் தீக்ஷா என்னும் இணையத் தளம். ஒவ்வொன்றாலும் சிறிதளவேனும் நன்மை விளைந்தது. ஆனால் ஒவ்வொன்று வந்தபோதும், இனி ஆசிரியரின் வேலை எளிதாகிவிடும் என்று சிலர் நம்பினர். அது மட்டும் நடக்கவில்லை.

தொடுதிரைப் பலகைக்கே ஒரு சோதனைக் கதை உண்டு. கனடா நாட்டில் 1991-இல் விற்பனைக்கு வந்த இப்பலகையை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து அரசு பெரும்பொருள் செலவிட்டுப் பள்ளிகளில் நிறுவியது. லண்டன் நகர உயர்நிலைப் பள்ளிகளில் அதன் பயனை ஆராய்ந்த கல்வியாளர்கள் 2007-இல் அறிக்கை வெளியிட்டனர். பலகைகள் முழுமையாக நிறுவப்பட்ட முதலாண்டில், மாணாக்கரின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. இன்னொன்றும் கண்டனர்: கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்புகளில், ஒருவர் பின் ஒருவராக எழுந்து சென்று பலகையைத் தொடுவதால், வகுப்பு முழுவதன் கற்றல் வேகம் குறைவதும் உண்டு. தொடுபவருக்கு வேலை, மற்றவர்க்குக் காத்திருப்பு. நாம் மும்பையில் கண்டதும் அதுவே.

அவ்வாறாயின், 'இன்டராக்டிவ்' என்ற அடைமொழிக்குப் பொருள்தான் என்ன? தமிழில் அதை 'ஊடாடும்' என்று பெயர்த்து வழங்குகின்றனர். ஊடாட இருவர் வேண்டும். பிள்ளையின் விரலுக்குப் பலகை மறுமொழி தருவது கருவியின் ஊடாட்டம். பிள்ளையின் எண்ணத்திற்கு ஆசிரியர் மறுமொழி தருவது கல்வியின் ஊடாட்டம். முன்னதைப் பணம் கொடுத்து வாங்கலாம். பின்னதைப் பயின்றுதான் பெற வேண்டும்.

இதில் நம் முன்னோர்க்கும் ஒரு பங்கு இருந்தது என்பது பலர் அறியாத செய்தி. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகினர். தவறானால் கையால் தடவினால் போதும், பலகை புதிதாகிவிடும். தொட்டு எழுதி, தொட்டு அழிக்கும் பலகை நமக்குப் புதிதன்று! பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இவ்வாறு மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை, ஆகவே கற்றறிந்த ஒரு சிறுவனையே மற்றச் சிறுவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியனாகும் அம்முறையை 1797-இல் லண்டனில் நூலாக எழுதி வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தில் பரவிற்று. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் நமக்கு அதில் வியப்பு அதிகம் இராது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர் என்பவர், வேறொரு வழியாக இதனை ஒத்த கருத்துக்கு வந்து சேர்ந்தார். தம் மாணாக்கர் கடினமான கணக்குகளைச் செய்துவிட்டு, அடிப்படைக் கேள்விகளில் தடுமாறுவதைக் கண்டு, 1991-இல் தம் முறையை மாற்றினார். முதலில் ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணி விடையைத் தெரிவிப்பர். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தம் விடைக்குக் காரணம் கூறி வாதாடுவர். மீண்டும் விடையளிப்பர். அதன் பின்னரே ஆசிரியர் விளக்குவார். இப்போதுதான் ஒன்றைப் புரிந்துகொண்டவனுக்கு, அது எங்கே புரியாமல் இருந்தது என்பது இன்னும் நினைவில் இருக்கும். நெடுங்காலத்துக்கு முன்பே கற்ற ஆசிரியருக்கு அது மறந்திருக்கும்.

இம்முறையில் விடைகளைத் தெரிவிப்பதற்குப் பொத்தான் உள்ள சிறு மின்கருவிகள் வந்தன. கருவிக்குப் பதிலாக எழுத்து எழுதிய வெறும் அட்டைகளைத் தூக்கிக் காட்டினால் என்ன ஆகும் என்று கனடாவில் நதானியேல் லாஸ்ரி என்பவர் ஒப்பிட்டுப் பார்த்தார். கற்றலில் வேறுபாடு காணப்படவில்லை என்று 2008-இல் எழுதினார். கருவி ஆசிரியரின் எண்ணும் வேலையை எளிதாக்கிற்று. பயன் தந்தது, கேள்வியும் அதையொட்டிய வாதமுமே.

இவற்றையெல்லாம் அம்மையாருடன் பல மாலைப் பொழுதுகளில் பேசினோம். அவருடைய அடுத்த கவலை கேள்வியைப் பற்றியது. நல்ல கேள்வி என்பது எது? அதற்கும் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாடு தழுவிய தேர்வொன்றில், பதின்மூன்று வயது மாணாக்கரிடம் 12/13, 7/8 ஆகிய இரு பின்னங்களையும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று கேட்டனர். கொடுத்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே விடை இரண்டு. ஆனால் நூற்றுக்கு 24 பேரே அதைத் தேர்ந்தனர். மற்றவருள் பெரும்பாலோர் 19 என்றோ 21 என்றோ குறித்தனர். 19 என்பது மேலெண்களின் கூட்டுத்தொகை. 21 என்பது கீழெண்களின் கூட்டுத்தொகை. அக்கேள்வியின் தவறான விடைகள் எண்ணிப் பொறுக்கி வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரு தவறான எண்ணத்தின் முகவரி. எந்த விடையைப் பிள்ளை தேர்ந்தாலும், அவன் மனத்தில் என்ன நடந்தது என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

அம்மையார் ஒரு வாரம் உழைத்தார். பழம் போயிற்று, கைதட்டு போயிற்று, மிதக்கும் எழுத்துகளும் போயின. பிள்ளைகளுக்குச் சதுர அட்டைகள் அச்சிட்டுக் கொடுத்தார். ஒவ்வோர் அட்டையிலும் தனித்தனிக் குறியீடு உண்டு. அட்டையின் நான்கு பக்கங்களில் எதை மேலாகப் பிடிக்கிறோமோ அதுவே விடை. ஆசிரியர் தம் கைப்பேசியின் காமிராவை வகுப்பின்மேல் ஒரு முறை ஓட்டினால், யார் எந்த விடை சொன்னார் என்று திரையில் வந்துவிடும். பிள்ளைகளிடம் கருவி எதுவும் வேண்டியதில்லை; ஆசிரியரிடம் கைப்பேசி ஒன்றும், இணையத் தொடர்பும் இருந்தால் போதும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதவும் இயலாது; ஏனெனில் ஒருவர் அட்டை மற்றவர் அட்டையைப் போல இராது.

மீண்டும் அழைத்தார்; சென்றோம். பலகையில் ஒரே அளவான இரண்டு தோசைகள். ஒன்றை மூவர் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றனர், மற்றொன்றை நால்வர். ஆனால் முதலில் அப்படம் மறைக்கப்பட்டிருந்தது. எண்கள் மட்டுமே தெரிந்தன. 1/3, 1/4: எது பெரிது? அ, மூன்றில் ஒன்று. ஆ, நான்கில் ஒன்று. இ, இரண்டும் சமம். மேலெண்ணை மட்டும் பார்ப்பவன் இ என்பான். கீழெண்ணை மட்டும் பார்ப்பவன் ஆ என்பான். அட்டைகள் உயர்ந்தன. கைப்பேசி எண்ணிற்று. 34 பேரில் 11 பேரே அ என்றனர்.

அம்மையார் அந்தத் தொகையை வகுப்புக்குக் காட்டவில்லை. சரி, தவறு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அங்கேதான் அவர் கற்ற கல்வி தெரிந்தது. தோசைப் படத்தை மட்டும் திறந்தார். பங்கிடும் கோடுகள் இன்னும் போடப்படவில்லை. "பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடைக்குக் காரணம் சொல்லுங்கள். மூன்று நிமிடம்" என்றார். வகுப்பில் சந்தை போல இரைச்சல் எழுந்தது. கடைசி வரிசையில் நம் பக்கத்துச் சிறுமி தோசைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அடுத்திருந்த பெண்ணின் கையைப் பற்றி, "இல்லடி, ஆள் கூடினா பங்கு குறையும்" என்றாள். அவள் எதிர்வாதம் செய்யவே, இவள் விடவில்லை: "எங்க வீட்ல நான்தான் பங்கு வைப்பேன். மாமா வந்துட்டா எல்லாருக்கும் கொறஞ்சுடும்."

அதைக் கேட்டபோது நமக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அச்சிறுமிக்குப் பின்னம் தெரியாமல் இல்லை. நாள்தோறும் அடுப்பங்கரையில் அதைச் செய்துகொண்டிருந்தவள் அவள். வகுப்பில் எழுதப்பட்ட 1/4 என்னும் குறிக்கும், தன் கை பங்கிடும் தோசைக்கும் தொடர்பு உண்டு என்று மட்டுமே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பழங்கள் பறந்த அந்த நாற்பது நிமிடங்களும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை அட்டைகள் உயர்ந்தபோது 27 பேர் சரியாக விடையளித்தனர். அதன் பின்னரே பலகை தன் வேலையைச் செய்தது. பங்காளிகளின் எண்ணிக்கையை அம்மையார் விரலால் தள்ளத் தள்ள, தோசை ஐந்தாக, ஆறாக, எட்டாக, பன்னிரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் தள்ளுவதற்கு முன் நிறுத்தினார்: "பங்கு பெரிதாகுமா, சிறிதாகுமா? எவ்வளவு இருக்கும்? விரலால் காட்டுங்கள்." முன்கூட்டிச் சொல்லிய பின்பு பார்ப்பது வேறு, வெறுமனே பார்ப்பது வேறு. ஒரு வட்டத்தைப் பிசகின்றி ஏழாகவும் ஒன்பதாகவும் நொடியில் பிரித்துக் காட்டச் சுண்ணக்கட்டியால் இயலாது. பலகையின் உண்மையான சிறப்பு அங்கே வெளிப்பட்டது. இத்தகைய அசையும் மாதிரிகளை அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் என்னும் திட்டம் இலவசமாகவே வழங்குகிறது. பல மொழிகளில் அவை பெயர்க்கப்பட்டும் வருகின்றன.

எட்டில் ஒன்று வந்தபோது அம்மையார் பலகையை விட்டு விலகி நின்றார். "இதற்கு நம் தாத்தா பாட்டி என்ன பெயர் சொல்வார்கள்?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "அரைக்கால்" என்றார். காலில் அரை, அரைக்கால். பெயரைச் சொன்னாலே அளவு விளங்கிவிடுகிறது. கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்று தமிழ்ப் பிள்ளையைக் கேட்டால் தவறு நேர இடமே இல்லை. வேற்று மொழியில் ஆக்கிய பாடத்தைப் பெயர்த்துப் பலகையில் ஏற்றினால் இச்சொல் அதில் வாராது. அதைக் கொண்டுவர ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும்.

பாட முடிவில் வேறொரு கேள்விக்கு அட்டைகள் உயர்ந்தன. மூவர் இன்னும் தவறு செய்தனர். ஆகவே வெற்றி முழுமையானது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அம்மையார் தம் குறிப்பேட்டில் மூன்று பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அப்பிள்ளை எவ்வாறு எண்ணுகிறது என்பதையும் எழுதி வைத்திருந்தார். நான்காம் வாரத்தில், எத்தனை பேருக்குப் புரியவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது. இவ்வளவு வேற்றுமைக்கும் பலகை அதே பலகைதான்.

வேறொரு நாள் பாட நடுவே மின்சாரம் நின்றுவிட்டது. முன்பாயிருந்தால் வகுப்பு அத்துடன் முடிந்திருக்கும். அம்மையார் கரும்பலகையின் எஞ்சிய பாதியில் கேள்வியை எழுதினார், பிள்ளைகள் விரல்களை உயர்த்தி விடை காட்டினர், வாதம் நடந்தது. எண்ணுவதற்கு மட்டும் சிறிது நேரம் கூடுதலாயிற்று. கருவியின்றியும் நடத்தக்கூடிய பாடத்தைத் தயாரித்தவரே கருவியை நன்கு பயன்படுத்தவும் கூடும் என்று அன்று தோன்றிற்று.

பயிற்சிக் கல்லூரிகளில் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது பொத்தான்களின் வரிசையே: எதை அழுத்தினால் எது வரும் என்பது. அதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். அடுத்த ஆண்டு புதிய பலகை வந்தால் மறந்தும் விடலாம். பிள்ளை தவறாகச் சொல்லும்போது ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்கும் பொறுமை, கேள்வி கேட்டபின் விடைக்காகக் காத்திருக்கும் மௌனம், கைதூக்காத பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் கண் ஆகியவற்றை ஒரு வாரத்தில் கற்க இயலாது. பள்ளியில் தங்கிப் பயிலும் 16 வாரங்களும் இதற்காகவே செலவாக வேண்டும். பார்வையிடச் செல்லும் நம் போன்றோரும், முன்வரிசையின் ஆரவாரத்தைக் கேட்டுக் குறிப்பெழுதாமல், மணி அடித்த பின்பு கடைசி வரிசையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. அதை நாம் காலம் கடந்தே கற்றுக்கொண்டோம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அயல் மாநிலத்தில் நாள் முழுதும் உழைத்து, மிச்சப்படுத்திய பொருளைப் பிள்ளையின் கல்விக்குக் கொடுப்பவர்கள் நாம். பள்ளியில் எத்தனை ஸ்மார்ட் போர்டு உண்டு என்று விசாரிப்பதில் தவறில்லை. அத்துடன், பிள்ளை ஒவ்வொருவருக்கும் விடையளிக்க வாய்ப்பு எவ்வாறு தருகிறீர்கள், தவறாகச் சொன்ன பிள்ளையை என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டுப் பார்க்கலாம். நல்ல ஆசிரியர் அக்கேள்வியால் மனம் வருந்தமாட்டார், மகிழ்வார். மாலையில் பிள்ளை வீடு வந்ததும், 'இன்று என்ன படம் போட்டார்கள்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இன்று படித்ததில் ஒன்றை எனக்குச் சொல்லிக் கொடு' என்று தமிழில் கேட்கலாம். தந்தைக்கோ தாய்க்கோ சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளை தானே ஒரு முறை மீண்டும் கற்கிறது. தாய்மொழியும் அக்கால் மணி நேரம் வீட்டில் உயிரோடு நடமாடுகிறது.

அந்தப் பயிற்சி ஆசிரியை இப்போது பணியில் இருக்கிறார். கடைசி வரிசைச் சிறுமி ஆறாம் வகுப்பின் இறுதி நாளன்று தன் அட்டையைத் திருப்பித் தர மறுத்துவிட்டாள் என்று நமக்கு எழுதியிருந்தார். அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டாராம். "தம்பிக்குக் கேள்வி கேட்பேன், டீச்சர்" என்றாளாம்.